எலி பிடிக்காத கோட்டான்

மாமாவுக்குப் பாம்புக்காது. ரயில்வேயில் சக்கரம் தட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தவர். வண்டி வந்து நின்றதும் நீளக் கம்புள்ள சுத்தியலோடு கீழே இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் கணீரென்று பதில் சொல்லும். விரிசல் விட்ட சக்கரம் தொத்தென்று சொல்லும். எத்தனை பேர் அந்தக் காதை நம்பி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார்களோ, யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற்ற அன்று சுத்தியலை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, காதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வீட்டில் அந்தக் காதுக்கு ஒரே ஒரு வேலைதான். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் கண்டுபிடிப்பது. அவர் கூடத்தில் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். திடீரென்று குரல் கிளம்பும்.

"யாருடா அது, பின்ரூம்ல ஃபேனப் போட்டுட்டுப் போனது? கட்டிலுக்கா வேர்க்குது?"

அந்த ‘யாருடா’ எப்போதும் ஒரே ஆள்தான். அவருடைய மகன். பேக்கரியில் மாவு பிசைகிறவன், ரொட்டியை அடுப்பில் வைத்ததை மறக்காதது ஒன்றுதான் அவனுடைய ஞாபகசக்திக்குச் சான்று. மற்றபடி போட்டதை அணைக்க மாட்டான், எடுத்ததை வைக்க மாட்டான். அப்பாவின் குரல் கேட்டதும் ஓடிப் போய் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பூனை மாதிரி திரும்பி வருவான். மருமகளுக்கு இந்தச் சத்தம் காலையும் மாலையும் கேட்டுக் கேட்டுத் தலைவலியாகிப் போயிருந்தது. இத்தனைக்கும் அவளுடைய பிழைப்பே ஃபேன்தான்.

அவள் ஃபேன் கம்பெனியில் டிசைனர். மேசைக்கு மேலே ஓர் ஆந்தை இறகை ஒட்டி வைத்திருந்தாள். இறகின் பின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய இழைகள். அந்த இழைகள் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து விடுவதால்தான் ஆந்தை பறந்தால் சத்தமே வருவதில்லை. இறக்கையும் அகலம், வளைவு. பெரிய இறக்கையை மெதுவாக அடித்தாலே அதற்குப் போதும். அவள் ஃபேன் இறக்கையையும் அப்படியே அகலமாக, வளைவாக வரைந்தாள். மெதுவாகச் சுற்றினாலும் பழைய ஃபேன் அளவுக்குக் காற்று வந்தது, கரண்ட் பாதிதான் ஆனது. பின் ஓரத்தில் மெல்லிய ரப்பர் சீப்பு ஒன்றையும் ஒட்டினாள். சத்தம் சுத்தமாக அடங்கிவிட்டது. பட்டறையில் எல்லோரும் அதற்குக் ‘கோட்டான்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

கோட்டானைக் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் சில வீடுகளில் மாட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ஃபேனின் சிறப்பு என்ன என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது, சொன்னால் ஜனங்கள் வேண்டுமென்றே ஒழுங்காக நடந்துகொள்வார்கள், சோதனை கெட்டுவிடும் என்று சட்டம் போட்டவளும் அவளேதான். சட்டம் போட்டவள் சட்டத்தை மீறலாமா? தன் வீட்டிலும் எல்லா அறைகளிலும் கோட்டானை மாட்டினாள். "புது மாடல்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு ஃபேனிலும் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று காட்டும் சின்ன மீட்டர் இருந்தது.

எல்லா வீட்டு மீட்டர் கணக்கும் வந்தபோது அவளுக்குத் தலையைச் சுற்றியது. எல்லா வீடுகளிலும் பழைய ஃபேனைவிடக் கோட்டான் அதிகமாகக் கரண்ட் குடித்திருந்தது. பட்டறையில் பாதி குடிக்கிற ஃபேன் வீட்டுக்குப் போனதும் எப்படிப் பெருந்தீனிக்காரனாக மாறியது? மீட்டரைக் கழற்றிப் பார்த்தாள். மோட்டாரைப் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

முதலாளியம்மா நல்லவர்தான், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"இங்க பாரும்மா, எனக்கு உன் ஆந்தை மேல எந்தக் கோபமும் இல்ல. ஆனா அடுத்த வாரம் நான் ரெக்கை வார்க்கற அச்சுக்கு ஆர்டர் குடுக்கணும். ஏன் இப்படி ஆச்சுன்னு அதுக்குள்ள சொல்லு. இல்லன்னா பழைய ஃபேனே ஓடட்டும். செஞ்சு வெச்ச ரெக்கைய எல்லாம் உருக்கி வாளி பண்ணிடலாம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கம்பெனி பக்கத்துக் கட்டடத்தில் வாளியும் செய்தது. இரண்டு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செதுக்கிய இறக்கையில் யாரோ தண்ணீர் மொண்டு குளிக்கப் போகிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று மாலை சோர்ந்து போய் வீட்டுக்கு வந்தாள். வீடு அமைதியாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் கொஞ்ச நாளாகவே வீடு அமைதியாகத்தான் இருந்தது. அவள் வேலை மும்முரத்தில், அப்பாடா என்று அதை அனுபவித்தாளே தவிர ஏன் என்று கேட்கவில்லை.

கூடத்தில் மாமா வரிசையாக டம்ளர்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றையும் கரண்டியால் தட்டிவிட்டு, காதைக் கிட்டத்தில் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா இது?"

அவர் கரண்டியை மறைக்கப் பார்த்தார். முடியவில்லை.

"காது போயிடுச்சும்மா" என்றார்.

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? ஒருநாள் காலைல பின்ரூமுக்குப் போறேன், அங்க ஃபேன் ஜம்முன்னு சுத்துது. நான் இங்கதான் உக்காந்திருக்கேன், ஒண்ணும் கேக்கல. சரின்னு நேரா அதுக்குக் கீழ போயி நின்னேன். அப்பவும் கேக்கலம்மா! டாக்டர்கிட்டயும் போயிட்டு வந்துட்டேன். காதுக்குள்ள லைட்ட அடிச்சுப் பாத்துட்டு, உங்க காதுக்கு ஒரு குறையும் இல்லங்கறாரு. பாவம், அந்த ஆளுக்குக் கண்ணு சரியில்ல போலிருக்கு."

அவர் சிரிக்கத்தான் முயன்றார். ஆனால் சிரிப்பு வரவில்லை. வாழ்நாள் முழுக்கக் காதை வைத்துச் சோறு சாப்பிட்ட மனிதர். அவளுக்குச் சுருக்கென்றது. சட்டமாவது மண்ணாவது என்று அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, உங்க காதுக்கு ஒண்ணுமில்ல. அந்த ஃபேன் சத்தமே போடாது. யாருக்கும் கேக்காது. எனக்கும் கேக்காது. நான்தான் அப்படிப் பண்ணேன்."

மாமா ஆந்தை மாதிரி முழித்தார். பிறகு கரண்டியை எடுத்துக் கடைசி டம்ளரை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கணீரென்றது.

"அட கடவுளே! இத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா கேடு? ஒரு மாசமா நான் உள்ளுக்குள்ளயே செத்துக்கிட்டு இருக்கேன். வீட்ல ஃபேன் பாட்டுக்கு ஓடுது, கேக்கறதுக்கு நாதியில்ல!"

"என்ன சொன்னீங்க?"

"கேக்கறதுக்கு நாதியில்லன்னேன்."

"அதில்ல மாமா, அதுக்கு முன்னாடி."

"ஃபேன் பாட்டுக்கு ஓடுதுன்னேன்."

அவள் விருட்டென்று எழுந்து ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்தாள். பின்னறையில் யாரும் இல்லை, கோட்டான் ஓடிக்கொண்டிருந்தது. முன்னறையில் யாரும் இல்லை, அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது. படுக்கையறையில் அவள் கணவனின் சட்டை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து சுகமாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. வீட்டைக் காவல் காத்த காதை அவளே பூட்டி வைத்துவிட்டாள். இந்த வீட்டுக்கு ஒரு மாமா என்றால், மற்ற வீடுகளில் சத்தம் கேட்டு அணைக்க ஓர் அம்மாவோ அக்காவோ இருந்திருப்பார்கள். பாதி கரண்ட் குடிக்கிற ஃபேன் விடிய விடிய, பொழுதன்னைக்கும் ஓடினால் மீட்டர் ஏறாமல் என்ன செய்யும்? கோட்டான் மேல் ஒரு தப்பும் இல்லை. அது ஓடுவது யாருக்கும் தெரியாததுதான் தப்பு.

வேலையிலிருந்து வந்த கணவனிடம் சொன்னபோது அவன் குற்றவாளியின் வேகத்தோடு ஒரு யோசனை சொன்னான்.

"ஆள் இல்லன்னா தானா நின்னு போற மாதிரி ஒண்ணு வெச்சிட்டாப் போச்சு. உன் ஆபீஸ் வராண்டால லைட் எல்லாம் அப்படித்தானே அணையுது?"

"அது ஆள் அசைஞ்சாத்தான் கண்டுபிடிக்கும். நீ தூங்கினா மரக்கட்டை. ஆளே இல்லன்னு நெனச்சு ஃபேன் நின்னுடும். வேர்த்து விறுவிறுத்து எழுந்து என்னத்தான் திட்டுவே."

மாமா குறுக்கே வந்தார். "ஏம்மா, ஆந்தை எதுக்கு அவ்ளோ கமுக்கமாப் பறக்குது?"

"எலிக்குக் கேக்கக் கூடாதுல்ல மாமா. கேட்டா எலி ஓடிடும், ஆந்தைக்குப் பட்டினிதான்…"

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு வருஷமா நான் ஆந்தையப் பாத்து அப்படியே காப்பியடிச்சிருக்கேன். ஆந்தை ஏன் அப்படியிருக்குன்னு ஒரு தடவ கூட என்னையே கேட்டுக்கல. இந்த ஃபேன் எந்த எலியப் பிடிக்கப் போகுது?"

மறுநாளே கத்தரியோடு ஏணியில் ஏறினாள். மூன்று இறக்கைகளில் ஒன்றே ஒன்றில் மட்டும் அந்த ரப்பர் சீப்பை நுனியிலிருந்து வெட்டினாள். வெட்டிய இடத்தில் எடை குறையாமல் இருக்க மேலே துண்டு டேப் ஒட்டினாள். மாமா கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தன் பழைய இடத்தில் அமர்ந்தார். கணவனைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். படுக்கிறவனுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது, நடக்கிறவனுக்குத் தெரியாமலும் இருக்கக் கூடாது, அதுதான் கணக்கு.

முதல் தடவை தாராளமாக வெட்டிவிட்டாள். ஃபேன் புஸ்புஸ்ஸென்று இரைந்தது.

"ஐயோ, ரயில் வந்த மாதிரி இருக்கு" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே.

வேறொரு சீப்பை ஒட்டி, இந்த முறை நகம் வெட்டுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள். கேக்கல, கேக்கல என்று சொல்லிக்கொண்டே வந்த மாமா, ஒரு கட்டத்தில் கையைத் தூக்கினார். "நிறுத்து. அங்கயே நிறுத்து. யாரோ பக்கத்து ரூம்ல நிம்மதியா மூச்சு விடற மாதிரி இருக்கு."

கட்டிலிலிருந்து கருத்து வரவில்லை. போய்ப் பார்த்தால் சோதனைக்குப் படுத்தவன் உண்மையாகவே தூங்கிப் போயிருந்தான். இதைவிட நல்ல சர்டிபிகேட் எங்கே கிடைக்கும் என்று அவள் ஏணியை மடக்கினாள். எல்லா ஃபேனுக்கும் அதே அளவில் வெட்டினாள். மீட்டரைப் பார்த்தாள், கரண்ட் ஒரு துளி கூடக் கூடவில்லை.

முதலாளியம்மா வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர் வருவதற்கு முன்னால் அவள் மாமாவிடம் கெஞ்சினாள். "மாமா, அவங்க இருக்கற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கவே கூடாது. உங்களுக்குக் கேக்கறது பெருசில்ல. மத்தவங்களுக்குக் கேக்கணும்." மாமா உதட்டின் மேல் விரலை வைத்துச் சத்தியம் செய்தார்.

முதலாளியம்மா கூடத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டார். தலைக்கு மேல் கோட்டான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அண்ணாந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிறகு அதை அணைக்கச் சொன்னார்.

"எனக்கு வித்தியாசமே தெரியலையேம்மா. இதுல என்ன சத்தம்? உனக்கு ஆசை, அதனால கேக்குது."

அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவள் போட்டிருந்த திட்டம், பேச்சோடு பேச்சாக எழுந்து போய் முன்னறை ஃபேனைப் போட்டுவிட்டு வருவது. இப்போது எழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த நேரம் பார்த்து வேலையிலிருந்து வந்த கணவன், முதலாளியம்மாவுக்கு ஒரு வணக்கம் போட்டு, முன்னறையில் பையை வைத்துவிட்டுப் பின்னறையில் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, கொல்லைப் பக்கம் முகம் கழுவப் போனான். வழக்கம் போல ஒன்றையும் அணைக்காமல்தான் போனான்.

மாமாவின் புருவம் நெளிந்தது. தலை பின்னறைப் பக்கம் திரும்பியது. வாய் திறக்கப் போனது. அவள் கண்ணாலேயே அதட்டினாள். அவர் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற பானைக்கு மூடி போட்டது போல உட்கார்ந்திருந்தார்.

முதலாளியம்மா வாளியைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். "வாளிக்கு இப்ப நல்ல கிராக்கி. கலர் கலரா பண்ணலாம். உனக்கும் அதுல ஒரு நல்ல…"

பேச்சு நின்றது. காதைத் தீட்டியபோது கேட்காதது, வேறு பேச்சில் இருக்கும்போது தானாகக் காதில் விழுந்தது போல அவர் தலையைச் சாய்த்தார்.

"உள்ள யாரும்மா இருக்காங்க?"

"யாரும் இல்லையே."

"யாருமில்லாத ரூம்ல ஃபேன் எதுக்கு ஓடுது? கரண்ட் என்ன சும்மாவா வருது?"

சொல்லிக்கொண்டே எழுந்து, தன் வீடு மாதிரி விறுவிறுவென்று பின்னறைக்குப் போனார். ஸ்விட்ச் தட்டும் சத்தம் கேட்டது. அறை வாசலில் வந்து நின்றபோது முதலாளியம்மாவின் முகத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டவரின் சிரிப்பு இருந்தது.

"சரி, சரி. வாளி வேண்டாம்" என்றார்.

அவள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். பாவம், மனிதர் சத்தியத்தைக் காப்பாற்றி முகமெல்லாம் சிவந்து போயிருந்தார்.

"இப்ப சொல்லுங்க மாமா" என்றாள்.

"யாருடா அது, பின்ரூம்ல ஃபேனப் போட்டுட்டுப் போனது?" என்று வீடே அதிர்ந்தது. கொல்லையில் குவளை விழும் சத்தமும், மறதிக்காரன் ஓடி வரும் சத்தமும் கேட்டன. காலையும் மாலையும் தலைவலியாக இருந்த அந்தக் குரல் அவளுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது, இன்னொரு தடவை கத்தச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. கேட்கத் தேவையே இல்லை. முன்னறை ஃபேனையும் அவன் அணைக்கவில்லை என்பது அதற்குள் மாமாவுக்குக் கேட்டுவிட்டது.