களிமண் குன்று

தோர்ன்லா என்ற சுரங்க ஊரில் நிலக்கரியும் களிமண்ணும் ஒரே சுரங்கத்திலிருந்துதான் மேலே வந்தன. கரி ரயிலேறிப் போய்விடும். களிமண்ணோ சூளை முற்றத்தில் குன்றாகக் குவிந்து, மழையிலும் பனியிலும் ஊறிப் பதமான பின்பே செங்கல்லாகும். 1968இல் சுரங்கத்தை மூடியபோது ஆண்கள் அனைவரும் வேலையிழந்தனர். சூளையில் கல் அடுக்கிய பெண்களுக்கு அந்தக் குன்று மிஞ்சியிருந்தது. நிதானமாக எடுத்தால் மூன்றாண்டு தாங்கும். எட்னா ரெய்னின் கணவன் வில்ஃபுக்கு ஓய்வூதியம் வரவும் மூன்றாண்டு இருந்தது. அதுவரை அவள் கூலியில்தான் வீட்டில் அடுப்பெரிய வேண்டும்.

அவ்வேளையில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. சுரங்கத்தின் வாயை அடைக்கச் செங்கல் வேண்டும். கோடைக்குள் முழுவதையும் கொடுத்தால் இரட்டைக் கூலி.

தேநீர்க் கொட்டகையில் எட்னா எழுந்து நின்றாள். "விதைக்கு வச்ச உருளைக்கிழங்கைப் பொரிச்சுத் தின்னுற வேலை இது. குன்று தீந்தா மண்ணு எங்கேருந்து வரும்? அடைச்ச குழியிலேருந்தா?"

"வந்துட்டாங்கம்மா தீர்க்கதரிசி!" என்றாள் டோரீன் டுலிப். அவள் வாய்க்குச் சூளையே அஞ்சும். "யக்கா, நாம செய்யலேன்னா பக்கத்து ஊர்க்காரி செய்வா. லாரியில மண்ணு தருவிக்கிறேன்னு மேனேஜரு சொல்லிட்டாருல்ல?"

"எழுதிக் குடுத்தாரா?"

"கல்யாணத்துக்கு முந்தி வில்ஃப் சொன்னதையெல்லாம் நீங்க எழுதியா வாங்கினீங்க?"

கொட்டகை அதிரச் சிரித்தார்கள். ஆர்டரை ஏற்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது எட்னாவின் கை மட்டும் மடியில் கிடந்தது. ஆயினும் மறுநாள் எல்லோரையும்விட வேகமாகக் கல் அடுக்கியவள் அவளே.

வில்ஃபுக்கும் கூலி வேலை கிடைத்தது. முப்பது ஆண்டுகள் இறங்கி ஏறிய குழிக்குள் மனைவி சுட்ட கல்லைக் கொட்ட வேண்டும்.

"நீ சுடு, நான் கொட்டுறேன். நல்ல ஜோடிதான் போ" என்றான். அவள் சிரிக்கவில்லை.

தன் வளையைத் தானே அடைத்த எலியின் கதையை, ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்தும் நான் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்வதுண்டு. அந்த ஆண்டு சொல்லவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் அந்தப் பெண்களின் பிள்ளைகள்.

ஆகஸ்டில் குன்று தரைமட்டமாயிற்று. ஆர்டருக்கு இன்னும் ஒரு லாரிக் கல் குறைவாயிருந்தது. முழுவதும் வராவிட்டால் இரட்டைக் கூலி இல்லை என்று மேலாளர் ஒப்பந்தத்தைக் காட்டினார். வெளியிலிருந்து மண் தருவிப்பது பற்றிக் கேட்டதற்கு, "கட்டுப்படியாகாதும்மா" என்றார்.

டோரீன்தான் முதலில் சுவரைப் பார்த்தாள். தேநீர்க் கொட்டகையும் அதே சூளைக் கல்லால் கட்டப்பட்டதுதான்.

"யக்கா..." என்றாள். குரலில் கிண்டல் இல்லை.

எட்னா மனதுக்குள் கணக்குப் போட்டாள். மூன்றாண்டுக்கான மண் போய்விட்டது. இரட்டைக் கூலியையும் விட்டால் வரும் குளிர்காலத்துக்கே வழியில்லை. அவள் சுத்தியலை எடுத்தாள்.

"காரையை நல்லா சுரண்டிக் குடுங்கடி. பழைய கல்லுன்னு கழிச்சிரப் போறான்."

மாலைக்குள் லாரி நிறைந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாமல், தேநீர்க் கோப்பைகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவர்கள் முற்றத்திலேயே நின்றார்கள். சுரங்க வாயிலில் வில்ஃப் அந்த லாரிக்காகக் காத்திருந்தான்.