சுல்தான் நிரபராதி

1

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் படுத்திருந்தபோது கிடைத்த கதை இது. முதுகில் முழங்கையை ஊன்றியபடி தேய்ப்பவர் சொன்னார்: "ஸ்டேஷன்ல ஒரு ஆட்டப் புடிச்சு வச்சிருக்காவ சார். விட்டாலும் கூட்டிட்டுப் போவமாட்டேங்கா ஆட்டுக்காரி." வலியில் ஏன் என்று கேட்க முடியவில்லை. மீதியை நானாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில்... (குற்றாலக் கதை எல்லாமே இப்படித்தான் தொடங்குகிறது. அடித்துவிட்டேன்.)

ஜாஹிரா பீவி அருவிக்குப் போகிற சாலையில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவள். புருஷன் இல்லை, மகன் துபாயில். துணைக்குச் சுல்தான் என்றொரு கிடா. அம்மன் கோயில் கொடைவிழா பேனரில் தொங்கிய சாமந்தி மாலையை அது எட்டி இழுத்ததில் பேனரும் கிழிந்தது. அம்மனுக்கு ஒரு கீறலும் இல்லை. போனது பேனரின் மூலையில் அச்சாகியிருந்த விழாக்குழுச் செயலாளர் நம்பிராஜனின் மூக்கும் மீசையும்தான்.

மூக்கு போய்விட்டது என்று போலீசில் சொல்ல முடியுமா? ஆகவே, அம்மனை அவமதிக்கவே பீவி ஆட்டை ஏவிவிட்டாள் என்று புகார் கொடுத்தார்.

3

ஆட்டைப் பிடித்து ஸ்டேஷன் வேப்பமரத்தில் கட்டினார்கள். (எந்தச் சட்டப்பிரிவில் என்று கேட்காதீர்கள். நானும் தேடினேன்.) மறுநாள் அது ஏட்டு சங்கிலிப்பாண்டியின் தொப்பியை மென்றுவிட்டது.

"யக்கா, இன்ஸ்பெக்டர் விட்டுரச் சொல்லிட்டாரு. அவுத்துட்டுப் போங்க."

"நிரபராதின்னு விடுதியளா, பாவம்னு விடுதியளா?"

"ஆட்டுல என்னக்கா நிரபராதி!"

"ஆட்டுக்காவ இல்ல தம்பி. ஏவிவிட்டான்னு என்னயத்தான சொல்லுதாவ? அந்தக் கொடைக்கு வருசா வருசம் எங்க கட சிப்ஸ்தான் போவுது. பாவம்னு விட்டா அந்தப் பேரு போயிருமா?"

வழக்கமாக வாங்குகிறவர்கள் தன்னைப் பார்த்ததும் எதிர்க்கடைக்கு நகர்ந்ததை அவள் கவனித்திருந்தாள். அன்று சட்டியில் எண்ணெய் காய்ந்தும் காயைச் சீவக் கை எழவில்லை.

(சிப்ஸ் போடுகிறவள் நீதியை இவ்வளவு நம்புவாளா என்று இந்த இடத்தில் எனக்கொரு சந்தேகம். பிறகு தோன்றியது: நம்பாமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும்.)

"அந்தப் பக்கம் மாலை இல்லாத பேனரு. இந்தப் பக்கம் பேனரு இல்லாத மாலை. நடுவுல கிடாய விடுங்க, அன்னைக்கு அது எதுக்கு எட்டிச்சுன்னு பாப்போம்" என்றாள்.

சங்கிலிப்பாண்டி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் பூக்கடைக்கு ஆள் அனுப்பினார்.

4

ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாகக் கூட்டம் கூடிவிட்டது. நம்பிராஜன் புதுப் பேனரோடு வந்தார், முழு மூக்கோடு. ஜாஹிரா பீவி உதட்டுக்குள் ஓதிக்கொண்டே கயிற்றை விட்டாள்.

அ) சுல்தான் மாலையைத் தின்றது. (நீதி இத்தனை சுலபமா?)

ஆ) பேனரைத் தின்றது. (எழுதக் கை வரவில்லை.)

இ) நடுவில் நின்று புழுக்கை போட்டது. (சிற்றிதழ்களுக்குப் பிடிக்கும்.)

சுலபமாக இருந்தால் என்ன? ஒரு தடவையாவது இருந்துவிட்டுப் போகட்டுமே. சுல்தான் பேனர் பக்கம் திரும்பக்கூட இல்லை. மாலையை நாரோடு தின்றது.

கூட்டம் கைதட்டியது. "சரி, சரி, புகார வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றார் நம்பிராஜன்.

ஜாஹிரா பீவி கயிற்றை எடுக்கவில்லை.

"வாபஸ் இருக்கட்டும் அண்ணாச்சி. நான் ஏவிவிடலன்னு இத்தன பேரு முன்னால உங்க வாயால ஒரு சொல்லு சொல்லுங்க."

5

நம்பிராஜன் பேனரைப் பார்த்தார். அதில் அவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்து அவர்

இல்லை. நான் எழுதினால் அது நான் சொன்னதாகிவிடும். அவள் கேட்டது என்னிடம் இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஈரத் துண்டோடு நீங்களும் நிற்கிறீர்கள். எல்லாவற்றையும் பார்த்தீர்கள். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக. அருவி இரைச்சலில் அவளுக்குக் கேட்க வேண்டும்.