மூக்கம்மாளின் நல்ல பல்

திருப்பூரில் ஒரு பல் டாக்டராவது நிம்மதியாக இருக்கிறார் என்று மேடை போட்டுச் சொல்ல வேண்டிய அவசியம் வந்தபோது, பல் மருத்துவர் சங்கத்துக்கு டாக்டர் கவினைத் தவிர வேறு ஆள் அகப்படவில்லை. காரணம், அவனுடைய கிளினிக்கில் நிம்மதிக்கென்றே தனியாக ஓர் அறை இருந்தது. கண்ணாடிக் கதவில் ‘அமைதி அறை’ என்று பெயர். உள்ளே பிளாஸ்டிக் மூங்கில், மோட்டாரில் ஓடும் நீரூற்று, சப்பணமிட்டு உட்கார ஒரு மெத்தை. அப்பா தங்கராஜின் பனியன் கம்பெனிக்குச் சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் பல் காட்ட வந்த இடத்தில் அதைப் பார்த்து ‘வெரி நைஸ்’ என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த மோட்டாருக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

அந்த மெத்தையில் கவின் உட்கார்ந்தது ஒரே ஒரு தடவை, போட்டோவுக்காக. மற்றபடி அவன் நிம்மதி தேடிய இடம் கார். தினமும் காலையில் கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்தி, ஏசியை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துப் பத்து நிமிடம் கிடப்பான். யாராவது எட்டிப் பார்த்தால் போன் பேசுவதுபோல் காதில் கையை வைத்துக்கொள்வான். தூக்கம் கெட்டு எட்டு மாதம். தூங்குகிற கொஞ்ச நேரத்திலும் பல்லை நறநறவென்று கடித்ததில் சொந்தக் கடைவாய்ப் பல் ஒன்று கீறல் விட்டிருந்தது. தெருவுக்கு ஒரு பல் டாக்டர் இருக்கிற ஊரில் எவரிடமும் அதைக் காட்டவில்லை. காட்டினால் “என்ன டாக்டர், டென்ஷனா?” என்று கேட்பார்கள். அமைதி அறை வைத்திருப்பவன் அதற்கு என்ன பதில் சொல்வது?

‘சிரிக்க வைப்போர் சிரிக்கட்டும்! பல் மருத்துவர்களின் மனநலம் பற்றிய ஒருநாள் கருத்தரங்கு’ என்று பிளக்ஸ் அடித்தாயிற்று. கவின் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் படம் ஆளுயரத்துக்கு. மதியச் சாப்பாட்டு விவரம் தலைப்பைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

கருத்தரங்கு ஞாயிற்றுக்கிழமை. மூக்கம்மாளின் பல்லைப் பிடுங்கியது அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை.

மூக்கம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் தங்கராஜின் கம்பெனியில் செக்கிங் பிரிவில் ஒன்பது வருஷமாக வேலை. பையர்களிடம் காட்டப் படம் வேண்டும் என்பதற்காகக் கம்பெனியில் நடந்த இலவசப் பல் முகாமில்தான் கவின் அவளை முதலில் பார்த்தான். பார்த்தான் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. சட்டை தைப்பதற்குக் கணக்குப் போடுகிற மாதிரியே தங்கராஜ் பல்லுக்கும் போட்டிருந்தார்.

“ஒரு ஆளுக்கு அரை நிமிசம் கண்ணு. சாப்பாட்டு நேரத்துக்குள்ள நூறு வாய் முடிஞ்சிரோணும். லைன் நிக்கக் கூடாது, பாத்துக்க.”

நூறு வாய் முடிந்தது. எதிரே நிற்கிறவர் வாயைத் திறக்க, கவின் டார்ச் அடித்து, “கீழ் கடைவாய், இந்தப் பக்கம், எடுக்கணும்” என்று கையைக் காட்ட, அவன் பக்கத்தில் நின்ற ஆபீஸ் பெண் வர்ஷினி தன் கண்ணுக்குத் தெரிந்த பக்கத்தைச் சீட்டில் எழுதினாள். எதிரில் நிற்பவரின் வலது நம் இடது கைப் பக்கம் வரும் என்று ஐந்து வருஷம் படித்த டாக்டர்தான் சொல்லியிருக்க வேண்டும். அவன் அதற்குள் அடுத்த வாய்க்குப் போயிருந்தான்.

செவ்வாயன்று மூக்கம்மாள் அந்தச் சீட்டோடு கிளினிக்குக்கு வந்தாள். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். கவினின் காதில் ஹெட்போன். அதில் சங்கத் தலைவர் டாக்டர் வேல்குமார், மேடையில் பொன்னாடையா பூங்கொத்தா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சீட்டில் ‘இடது கீழ்’ என்றிருந்தது. இடது கீழ்ப் பல்லிலும் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. போதும் என்று ஊசியைப் போட்டான்.

“சார், வலி இங்கிட்டு...” என்று அவள் ஆரம்பித்தாள்.

“பேசாதீங்கம்மா. பயப்படாதீங்க” என்றவன், ஹெட்போனில், “பூங்கொத்தே போதுங்ணா, சிம்பிளா இருக்கட்டும்” என்றான்.

பல் லேசில் வரவில்லை. வந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. பாடப் புத்தகத்தில் படம் போடலாம், அப்படியொரு பல். கறுப்பாகத் தெரிந்தது வெறும் வெற்றிலைக் கறை. கிளினிக்கில் உதவிக்கு இருந்த இளம் டாக்டர் கீர்த்தனா அந்தப் பல்லைப் பார்த்தாள், மூக்கம்மாளின் வாயில் வலப்பக்கம் குழிந்து கிடந்த சொத்தையைப் பார்த்தாள், கடைசியாகக் கவினைப் பார்த்தாள்.

உடனே குழியில் திருப்பி வைத்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினால் அந்தப் பல் மறுபடி ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. நிமிடக் கணக்குதான். கவினுக்கு அது தெரியும். கல்லூரியில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன். ஆனால் திருப்பி வைப்பதென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அவன் கை பல்லைத் தட்டில் போட்டது. வாய் அதுபாட்டுக்கு, “வேர்ல சீழ் வெச்சிருந்துதுங்கம்மா. நல்லவேளை எடுத்தாச்சு” என்றது. சீட்டின் பின்பக்கமும் அப்படியே எழுதிக் கொடுத்தான்.

மூக்கம்மாள் பஞ்சைக் கடித்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடுதான் அவனை அன்றைக்குச் சாப்பிட விடவில்லை.

வியாழக்கிழமை திரும்ப வந்தாள். “வலி போகலையே சார்.”

“அந்தப் பக்கத்து நரம்பு இந்தப் பக்கம் இழுக்குதுங்கம்மா. மாத்திரைல சரியாயிரும்.”

ஒரு பக்கத்துப் பல் நரம்பு மறுபக்கம் இழுக்கிற அதிசயம் மருத்துவ உலகில் இன்னும் நடக்கவில்லை. கீர்த்தனா தலையைக் குனிந்துகொண்டு கருவிகளை அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கியிருந்த கருவிகள்.

சனிக்கிழமை வரவேற்பில் மூக்கம்மாளின் குரல் கேட்டதும் கவின் அமைதி அறைக்குள் நுழைந்து, மூங்கிலுக்குப் பின்னால் குத்த வைத்துக்கொண்டான். கதவு கண்ணாடி என்பது உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

“டாக்டர் வெளிய போயிருக்காருங்க” என்றாள் கீர்த்தனா. “நான் பாக்கட்டுங்களா?”

“ஷிப்டுக்கு நேரமாச்சு தாயி. மூங்கிலுக்குப் பின்னால இருக்கவருகிட்ட மட்டும் சொல்லிருங்க, வீக்கம் காது வரைக்கும் வந்துருச்சுன்னு.”

அவள் போன பிறகு கீர்த்தனா கண்ணாடிக் கதவைத் திறந்தாள். “சார், நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?”

“திங்கக்கிழமை பாத்துக்கலாங்க. நாளைக்கு புரோக்ராம் இருக்குதில்ல” என்றான் கவின், குத்த வைத்தபடியே. சொன்ன பிறகு தன் காதுக்கே அது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எண்பது டாக்டர்கள். கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்ததைக் கவின் உருக்கமாகப் படித்தான். திரையில் ‘தவறை ஒப்புக்கொள், மனம் லேசாகும்’ என்று வந்தபோது அரை நிமிடத்துக்குக் கைதட்டல் ஓயவில்லை. பிறகு எல்லோரையும் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னான். மூன்று நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தால், பின் வரிசை முழுக்கச் சாப்பாட்டு வரிசைக்கு இடம் மாறியிருந்தது.

கை கழுவுகிற இடத்தில் வேல்குமாரைத் தனியாகப் பிடித்தான்.

“அண்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. நல்ல பல்ல எடுத்துப்போட்டனுங்க.”

வேல்குமார் குழாயை மூடினார். “வெளி ஆளா, கம்பெனி ஆளா?”

“அப்பா கம்பெனிங்க.”

“அப்பறமென்ன? அந்தப் பல்லுலயும் சொத்தைன்னு கேஸ் ஷீட்ல ஒரு வரி எழுதிப்போடு. எனக்கும் ஆயிருக்குது, ரெண்டு தடவ. இன்னைக்கு வரைக்கும் யாருக்காச்சும் தெரியுமா? ஸ்ட்ரெஸ் எடுத்துக்காத கண்ணு. இப்பத்தான எங்களுக்கெல்லாம் அந்தப் போடு போட்ட? வா, பிரியாணி ஆறிப்போகுது.”

கவின் திரும்பி மண்டபத்தைப் பார்த்தான். எண்பது வாய்களும் மும்முரமாக மென்றுகொண்டிருந்தன. இங்கே எத்தனை நல்ல பற்களுக்குக் காகிதத்திலேயே சீழ் வைத்திருக்குமோ என்று தோன்றியது. துணைக்கு ஆள் இருக்கிறது என்பதில் ஆறுதல் வரவில்லை. பூங்கொத்தைக் கை கழுவும் தொட்டியின் மேலேயே வைத்துவிட்டுக் கிளம்பினான்.

திங்கட்கிழமை காலை செக்கிங் பிரிவுக்கு நேராகப் போனான். டியூப் லைட்டுகளுக்கு அடியில் நீள மேசைகள், நாற்பது பேர். அந்தப் பக்கம் தையல் லைன் இரைந்துகொண்டிருந்தது. மூக்கம்மாள் கன்னத்தோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, டீ-சர்ட்டை விரித்து, குறை தெரிந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உங்க ட்ரீட்மெண்ட்ல ஒரு சின்ன கம்யூனிகேஷன் கேப்...”

“தமிழ்ல சொல்லுங்க சார். வாயிதான் சரியாத் தொறக்க முடியல, காது நல்லாத்தான் கேக்குது.”

“தப்பான பல்ல எடுத்துட்டனுங்க.”

“தெரியும்.” ஸ்டிக்கர் ஒட்டுவதை அவள் நிறுத்தவில்லை. “மரமரப்பு போனதும் நாக்கால தடவிப் பாத்தேன், தெரிஞ்சுபோச்சு. இந்தா இருக்குல்ல லோகோ, இடது நெஞ்சுன்னா போடுறவுகளுக்கு இடது, பாக்குறவுகளுக்கு இல்ல. செக்கிங்குக்கு வந்த மொத நாளே சொல்லிக் குடுத்துருவாக. நான் அஞ்சாவது பெயிலு சார்.”

கவினின் காது மடல் வரைக்கும் சூடேறியது.

“மன்னிச்சுக்கங்க.”

“அத விடுங்க. சூப்பர்வைசரு கன்னையன் உங்க சீட்டப் பாத்துட்டு, சீழு எடுத்தாச்சுன்னு டாக்டரே எழுதிருக்காரு, இன்னும் என்ன நடிப்புன்னு கேட்டாரு. ஒம்போது வருசத்துல என் மேசையத் தாண்டி ஒரு டேமேஜு பீஸு போனதில்ல. இப்ப நான் நடிக்கிறவளாம். நீங்க சொன்ன பொய்யி சார், எம்மேல ஒட்டிருக்கு. எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. இவுக எல்லாத்துகிட்டயும் சொல்லுங்க.”

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, தங்கராஜ் வேகமாக வந்தார். “ஏஞ்சாமி, இங்க என்ன? ஆபீசுக்கு வா, ஏசில உக்காந்து பேசிக்கலாம்.” பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பொம்பளைக்கு வேணுங்கறதக் கம்பெனி பாத்துக்கும். நீ வாயத் தொறந்துராத. பேரு கெட்டுப்போயிரும்.”

பிறர் வாயைத் திறக்கச் சொல்லியே பத்து வருஷம் பிழைத்தவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற கன்னையனைப் பார்த்து, “மெசினை ஒரு நிமிசம் நிறுத்தச் சொல்லுங்க” என்றான்.

லைன் நின்றது. தங்கராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்து, இத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று விழுங்கினார்.

“மூக்கம்மாள் அம்மாவுக்கு வலி நெசந்தானுங்க” என்றான் கவின். மேடையில் வந்த குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. “சொத்தை வலப்பக்கம். நான் இடப்பக்கத்து நல்ல பல்லப் புடுங்கிட்டேன். அவங்க சொல்ல வந்தாங்க, நான்தான் பேச விடலை. சீழ் இருந்துதுன்னு சொன்னதும் எழுதுனதும் பொய்ங்க. அப்பறம் வந்தப்ப ஒளிஞ்சுக்கிட்டேன்.”

யாரும் கைதட்டவில்லை. கடைசி மேசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்தினாள். வடக்கத்திப் பையன்களுக்கு விஷயம் புரியாமல் பக்கத்தில் கேட்க, ஒருவன் தன் வாயைத் திறந்து இரண்டு பக்கமும் விரலால் தொட்டுக் காட்டி இந்தியில் விளக்கினான். அது வரிசை வரிசையாகக் கடைசி மெசின் வரை போய்ச் சேரும் வரைக்கும் கவின் நின்றுகொண்டிருந்தான்.

“எனக்கெப்பிடிங்க தெரியும்? சீட்டுல அப்பிடித்தானுங்க இருந்துது” என்றார் கன்னையன் தரையைப் பார்த்து.

“இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல அண்ணே” என்றாள் மூக்கம்மாள். பிறகு துண்டை இறுக்கிக் கட்டினாள்.

“கெளம்புங்கம்மா” என்றான் கவின். “இப்பவே அந்தச் சொத்தையை எடுத்துடறேன். போன பல்லுக்குப் பதிலாவும் நானே ஒண்ணு வெச்சுத் தர்றேனுங்க.”

“எடுக்கணும். ஆனா நீங்க வேணாம். உங்ககிட்ட இருக்கே அந்தப் புள்ள, அது எடுக்கட்டும். அன்னைக்கே உங்களப் பாத்து முழிச்சுச்சு அது. நீங்க பக்கத்துல நில்லுங்க.”

“நான் எதுக்குங்க?”

“பாக்குறதுக்கு.”

கிளினிக்கில் கவின் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். கதவு திறந்தே கிடந்தது. வெளியே காத்திருந்தவர்கள், பிளக்ஸில் கையைக் கட்டிக்கொண்டு சிரித்த டாக்டர் இன்றைக்கு அசிஸ்டெண்ட் வேலை பார்ப்பதைக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

“எந்தப் பல்லுன்னு உங்க விரலால தொட்டுக் காட்டுங்கம்மா” என்றாள் கீர்த்தனா. மூக்கம்மாள் தொட்டுக் காட்டினாள். ஊசி போட்டு, மரத்த பிறகு கீர்த்தனா இடுக்கியை உள்ளே கொண்டுபோனாள்.

“சார், டியூப் ஆடுது.”

கவின் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

பல் அசையத் தொடங்கிய நேரத்தில் மூக்கம்மாள் சட்டென்று கையைத் தூக்கினாள். கீர்த்தனா அந்த நொடியே இடுக்கியை வெளியே எடுத்துவிட்டாள். “என்னாச்சுங்கம்மா, வலிக்குதுங்களா?”

“இல்ல தாயி” என்றாள் மூக்கம்மாள், மரத்த வாயால் குழறி. “நிப்பாட்டுறியான்னு பாத்தேன்.”

அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள். கீர்த்தனா தொடர்ந்தாள். கவின் தலையைத் தூக்கவில்லை. கீழ்த்தாடையில் ஊறிய எச்சிலையும் ரத்தத்தையும் குழாய் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதை ஆடாமல் பிடிப்பது மட்டும்தான் அன்று அவனிடம் நம்பி விடப்பட்ட வேலை.