மூன்றாம் பத்தி: கொலை மிரட்டல்

போலீசுக்கு நான் எழுதித் தரும் மனுவில் நான்கு பத்திகள். ஒன்று மனுதாரர், இரண்டு நடந்த சம்பவம், மூன்று கொலை மிரட்டல், நான்கு கோரிக்கை. மூன்றாவது இல்லாவிட்டால் ஸ்டேஷனில் யாரும் படிக்கமாட்டார்கள் என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை.

வசந்தாமணி வந்தது ஆட்டுப் பிரச்சினைக்கு. பக்கத்துக் காட்டுக் கந்தப்பனின் மேச்சேரி ஆடுகள் அவளுடைய நிலக்கடலைக் காட்டில் பதினோரு பாத்தியை மேய்ந்துவிட்டன. பிடுங்க இன்னும் இருபது நாள். மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும்.

"கொன்னுபோடுவேன்னாரா?"

"இல்லீங்கண்ணா. 'ஆட்டுக்கு வரப்பு தெரியுமா அம்மிணி'ன்னாரு."

"அது பத்தாது. நான் எழுதிக்கறேன்."

"பொய்யுங்களே!"

"ஊருல அதைச் சொல்லாதவங்க யாரு? நீ உம்புள்ளையச் சொன்னதில்லையா?"

"பிரவீனாவையா? தலை சீவ வராததுக்கு இன்னிக்கே ரெண்டு தடவை சொல்லிட்டேன். அதுக்கெல்லாம் கேசுன்னா ஊருல ஊட்டுக்கு ஒருத்தரு உள்ள இருக்கோணுமுங்க."

எழுதினேன். வெறுங்கை மிரட்டல் எடுபடாது என்று கந்தப்பன் கையில் ஓர் அரிவாளையும் கொடுத்தேன்.

ஏட்டு தமிழரசு கந்தப்பனை வரச்சொன்னார். கூடவே பாதி ஊர் வந்தது. கந்தப்பன், தேளைக்கூட முறத்தில் அள்ளி வேலிக்கு அப்பால் விடுகிற ஆள். கோயிலில் கெடா வெட்டும் நாளில் பஸ் ஏறி அக்கா ஊருக்குப் போய்விடுவார்.

"கந்தப்பனா? அருவாளா?" ஸ்டேஷனே சிரித்தது.

ஏட்டு மனுவைத் திருப்பித் தந்தார். "இது பொய்னா ஆடு மேஞ்சதும் பொய்தானே, அம்மிணி."

அன்று சாயங்காலம் ஆடுகள் பன்னிரண்டாம் பாத்தியில் இறங்கின.

மறுநாள் காலை வசந்தாமணி என் மேசைமுன் நின்றாள். "அண்ணா, உங்களைக் கொன்னே போடுவனுங்க. நடந்ததை மட்டும் எழுதுங்க."

எழுதினேன். இரண்டாம் பத்தி முடிந்ததும் கை தானாக அடுத்ததற்குப் போனது. அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னையும் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனாள்.

ஏட்டு படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "மிரட்டல் எங்கம்மிணி?"

"அதை எழுதறவருக்கே குடுத்துட்டனுங்க. இந்தா நிக்கறாரு." அவள் ஏட்டின் பைக் சாவியை மேசையிலிருந்து எடுத்து நீட்டினாள். "காட்டுக்கு வாங்க. ஆடு இப்பவும் அங்கதான் நிக்குது."