பழவங்காடியில் நின்ற தேங்காய்

1998 ஆவணியில் தங்கபாண்டி பழவங்காடிப் பிள்ளையாருக்கு எறிந்த தேங்காய் கல்லில் போய் விழவில்லை; கல்லுக்கு இரண்டு முழம் முன்னால் காற்றிலேயே நின்றுவிட்டது. அன்று புதன்கிழமை, மழை இல்லை. மற்றவர்கள் எறிந்தவை வழக்கம்போல உடைந்தன. சாலைக் கடைத்தெருவில் புரோட்டா மாஸ்டராக இருந்த தங்கபாண்டி, மறுநாள் மனைவி கௌசல்யாவுக்கு நடக்கவிருந்த மூளை அறுவைக்காக அதை எறிந்திருந்தான். சிதறினால் காரியம் கைகூடும், உடையாமல் உருண்டால் கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். நின்றால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

கௌசல்யாவுக்குப் பத்து வயதிலிருந்து வலிப்பு. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஏறிவரும், பிறகு நினைவு போய்விடும். ஒருமுறை அடுப்பின்மேல் சாய்ந்து முழங்கை வெந்ததிலிருந்து தங்கபாண்டி அவளைத் தீப்பெட்டியைத் தொடவிடவில்லை. வீட்டுச் சமையலும் அவனே. தன் அடுப்பைத் தானே பற்றவைக்க வேண்டும் என்றுதான் அவள் அறுவைக்கே சம்மதித்தாள். டாக்டர் சுசீலாபாய் மூளைப் படத்தில் ஒரு சின்ன வடுவைக் காட்டி, அதை எடுத்தால் நூறு பேரில் எழுபது பேருக்கு வலிப்பு வராது என்றார்.

“இவ அந்த எழுபதுலயா, மீதி முப்பதுலயா டாக்டரே?”

“அது இப்பம் சொல்லான் பற்றில்ல. ஒரு வருஷம் கழியட்டே,” என்று டாக்டர் மலையாளத்தில் கைவிரித்தார்.

அறுவை முடிந்து ஒரு வருடம் வலிப்பு வரவில்லை. தேங்காய் ஒரு சாண் முன்னே நகர்ந்தது. நல்ல அறிகுறிதான், இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த வருடம் மாத்திரையைக் குறைத்தபோது, ஒரு மத்தியானம் பழைய ஏற்றம் கிளம்பி நெஞ்சோடு நின்றுபோனது, நினைவு தப்பவில்லை. தேங்காய் ஒரு சாண் பின்வாங்கியது. இதைக் காலண்டரில் வலிப்பு என்று குறிப்பதா கூடாதா என்று புரியாமல் தங்கபாண்டி பாதிப் புள்ளி வைத்தான். டாக்டர் அந்தப் பாதிப் புள்ளியை வெகுநேரம் பார்த்துவிட்டு மாத்திரையைப் பழைய அளவுக்கே ஏற்றினார். ஐந்து வருடம் போனால் ஓரளவு சொல்லலாம் என்றார். ஐந்தும் போயிற்று. அப்போதும் ஓரளவுதான் சொன்னார்.

ஜனங்கள் சற்று இடப்பக்கமாக எறியப் பழகிவிட்டார்கள். தங்கபாண்டி தினமும் நூல் பிடித்து அளந்தான். “மாஸ்டரே, உம்ம தேங்காய்க்கு வாடகை கேக்கப் போறாவ பாரும்,” என்றார் லாட்டரி விற்கும் நயினார். வீட்டில் கௌசல்யா சும்மா கண்ணை இமைத்தாலும் தங்கபாண்டி எழுந்து நின்றான்.

2005 தை மாதம் ஒரு காலை அவள், “என்னையும் அந்தத் தேங்காயப் பாக்கிய மாதிரிதான் பாக்கிய,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தன்னந்தனியாகக் கிழக்கேகோட்டைச் சாலையைக் கடந்தாள். தங்கபாண்டி இருபது அடி பின்னால் வந்தான். அவள் கையை நீட்டி, மரத்திலிருந்து மாங்காய் பறிப்பதுபோல, தேங்காயைக் காற்றிலிருந்து எடுத்தாள். கோயில் ஆட்கள் தடுக்கவில்லை. விழாத தேங்காய் எப்படி நேர்ச்சைக் காணிக்கையாகும் என்று அவர்களுக்கும் குழப்பம்.

வீட்டில் அரிவாள்மணையின் முதுகில் தட்டினாள். சரிபாதியாக உடைந்தது. ஆறரை வருடத் தண்ணீர் இனித்தது. துருவி, துவையல் அரைத்தாள். பிறகு தீப்பெட்டியை எடுத்தாள். அவளைத் தாங்குவதற்காகத் தங்கபாண்டி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பின்னால் நின்றான்.

“கையை எடுங்க. தாளிக்கணும்.”

எடுத்தான். கடுகு வெடித்தது. காலண்டரில் அன்றைய கட்டத்தில் அவன் எதுவும் குறிக்கவில்லை. பழவங்காடியில் இன்றைக்கும் ஆட்கள் அந்த வெறும் இடத்தை விட்டு, சற்று இடப்பக்கமாகவே எறிகிறார்கள்.