பேசிய பல்செட்டும் வளர்ந்த அப்பாவும்

பல்செட் செய்பவரின் மகளுக்கு ஆண்டவரிடமிருந்து ஊழிய அழைப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. ஓய்வுபெற்ற தபால்காரருக்காக அவள் செய்து, தம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருந்த பல்செட் யாருக்கும் புரியாத ஒரு மொழியில் பேச ஆரம்பித்தது. நாற்பது வருஷமாகப் பல் கட்டிக் கொடுத்த அப்பா பதறவில்லை. "கடி சரியில்லம்மா, அதான் உளறுது" என்று அரத்தை எடுத்துக் கடைவாய்ப் பற்களைத் தேய்த்தார். தொழில் தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. தேய்க்கத் தேய்க்கப் பேச்சு தெளிவானது. வெள்ளிக்கிழமைக்குள் அவள் கைபட்ட ஒன்பது பல்செட்டும் ஒரே வாக்கியத்தைச் சொல்லின. அப்பா செய்தவை வாயே திறக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

தன் பல்செட்டை வாங்க வந்த கப்பல் சமையல்காரர்தான் மொழியை அடையாளம் கண்டார். பன்னிரண்டு நாள் கடல் பயணத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு தீவின் பேச்சாம். "எங்ககிட்ட வா, ஆண்டவரைப் பத்திச் சொல்லுன்னு கூப்பிடுதுங்க" என்றார். சபைப் போதகர் வந்து கேட்டு, அங்கேயே முழங்கால் போட்டு ஜெபித்தார். அப்பா மட்டும் முறைத்துக்கொண்டு நின்றார். மனைவி போய்ப் பத்து வருஷம். வீட்டில் மிச்சம் இவள் ஒருத்திதான். "ஆண்டவருக்கு வேற ஆளே கிடைக்கலையா ஐயா?" என்று போதகரிடமே கேட்டுவிட்டார். இரண்டு மாதம் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் வேலைக்கு நடுவில், நிமிராமலே, "நிஜமாவே போகணும்னு இருக்கா?" என்றார்.

"பயமா இருக்குப்பா. ஆனா போகலேன்னா அதைவிடப் பயமா இருக்கும்."

அவர் அரத்தைக் கீழே வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, இவளை அனுப்பி வைப்பது யார் என்று போதகர் சபையைப் பார்த்து வழக்கப்படி கேட்டார். எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வதற்குள் அப்பா எழுந்து, "நான்தான் அனுப்புறேன்" என்றார். எழுந்தவர் நாலு விரல் உயர்ந்திருந்தார். பெருமைதான், வேறொன்றும் இல்லை.

கப்பல் கிளம்பிய அன்று அவருக்குச் சட்டை போதவில்லை. தீவில் அவள் அந்த மொழியைக் கற்றாள், முதல் ஜெபக்கூட்டம் நடத்தினாள், பொக்கை வாய்க்காரர்களுக்குப் பல் கட்டினாள். ஒவ்வொரு கடிதத்துக்கும் அவர் ஒரு விரற்கடை வளர்ந்தார். ஒற்றைத் தட்டைக் கழுவி வைக்கும்போது அழவும் செய்தார், அதை யாரிடமும் மறைக்கவில்லை. அழுதுகொண்டேதான் வளர்ந்தார். மூன்றாம் வருஷம் பட்டறை வாசலில் தலை இடிக்கவே, தச்சரைக் கூப்பிட்டார். நிலையை எவ்வளவு உயர்த்தட்டும் என்று கேட்டார் தச்சர்.

"ரெண்டடி கூடவே வச்சிடுங்க. எம் பொண்ணு இப்பத்தானே போயிருக்கா."

தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அளந்து குறித்துக்கொண்டார்.