அடைத்த கசிவு

தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சிறிய மண் அணையில் தபித்தாள் பதினோரு ஆண்டுகளாகக் காவல் வேலை பார்த்து வந்தாள். அணையின் அடிவாரத்துக் குழாயிலிருந்து வடியும் கசிவு நீரை அன்றாடம் அளந்து நோட்டில் எழுதுவது அவள் கடமை. கசிவு தெளிவாக இருக்கும்வரை கவலையில்லை. கலங்கினால் அணைக்குள்ளிருந்து மண் கரைகிறது என்று பொருள்.

சென்ற மாதம் மேலதிகாரிகள் பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. அடிவாரம் ஈரமாகத் தெரிந்தால் கேள்வி வரும் என்று அஞ்சிய பொறியாளர் ராஜசேகர், குழாயின் வாயைச் சிமென்ட் வைத்து அடைத்துச் சுண்ணாம்பும் அடித்துவிட்டான். வந்தவர்கள் காய்ந்த தரையைக் கண்டு மெச்சிவிட்டுப் போனார்கள். அன்று சிமென்ட் சட்டியைத் தூக்கிக் கொடுத்தவள் தபித்தாள்தான். அதை நினைக்க நினைக்க அவளுக்கு உள்ளங்கை எரிந்தது.

இன்று காலை சரிவின் நடுவில், இதுவரை ஈரமே காணாத இடத்தில், செம்மண் கலங்கிய நீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அவள் போன் செய்து இரண்டு மணி நேரம் கழித்து ராஜசேகர் வந்தான். ஜீப்பை அணைக்குக் கீழே நிறுத்திவிட்டு மேலேறினான்.

"மழைத் தண்ணியா இருக்கும், தபித்தாக்கா."

"மழை பேஞ்சு ஆறு நாளாச்சுங்க சார். வடியற வாய நாம அடைச்சோம். அது வேற வாய் தோண்டிக்கிச்சு."

"நீங்க எப்பங்க இன்ஜினியர் ஆனீங்க?"

"நீங்க சுண்ணாம்பு அடிக்கப் போனப்பங்க. அந்த வேல காலியா இருந்துச்சு."

அவன் முகம் கடுத்தது. "சீசன் நேரம். தண்ணியக் கொறைக்க மதகத் தெறந்தா டவுனுக்குக் குடிக்கத் தண்ணியில்ல. மேல கேக்காம தொடாதீங்க."

"கீழ எஸ்டேட் லைன்ல இருபத்திரெண்டு ஊடு இருக்குதுங்க. எம்பட மக கெஸியா பதினாறு நாள் கொழந்தையோட படுத்திருக்கறா. பயமில்லீன்னா இன்னிக்கு ராத்திரி நீங்களும் அங்கயே வந்து படுங்க. பாய் நான் விரிக்கறேன்."

ராஜசேகர் சரிவை ஒருமுறை பார்த்தான். பிறகு விறுவிறுவென்று கீழே இறங்கி, ஜீப்பைக் கிளப்பி, மேட்டுச் சாலையில் கொண்டுபோய் நிறுத்தினான்.

தபித்தாளின் நெஞ்சில் அதுவரை புகைந்துகொண்டிருந்தது பற்றிக்கொண்டது. மதகுக் கூண்டைத் திறந்து சக்கரத்தைப் பிடித்தாள். ஒரேயடியாகத் திறந்தால் கரை உட்புறம் சரியும் என்பது அவளுக்குத் தெரியும். நான்கு சுற்றோடு நிறுத்தினாள். ஓடையில் தண்ணீர் இரைந்து பாய்ந்தது. உடனே மகளுக்குப் போன் போட்டாள்.

"கொழந்தையத் தூக்கிட்டு மேல சர்ச்சுக்குப் போ. துணிமணிக்கு நிக்காத. போற வழியில எல்லாக் கதவையும் தட்டு."

ராஜசேகர் மூச்சிரைக்க ஓடி வந்தான். "யாரக் கேட்டுத் தெறந்தீங்க?"

"உங்க ஜீப்பக் கேட்டனுங்க சார்."

அவன் மேட்டுச் சாலையைத் திரும்பிப் பார்த்தான்.

"இங்க நின்னு ஆகறதென்ன? ஜீப்புல ஆரன் இருக்குதல்ல? லைனுக்குப் போய் அடிங்க. நடக்க முடியாத கெழடுக நாலு பேரு இருக்கறாங்க, ஏத்திட்டு வாங்க. என்னைய சஸ்பெண்டு பண்ற பேப்பரப் பொறகு எழுதிக்கலாம்."

சக்கரத்திலிருந்து கையை எடுக்காமலே, அவன் கண்ணைப் பார்த்து அவள் சொன்னாள். ராஜசேகர் சாவியைத் தடவி எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தான். இரண்டடி வைத்ததும் ஓடத் தொடங்கினான்.